ஷெட்லாந்துக் காற்றில் காய்கறி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு வடக்கே, 60 டிகிரி வடக்கு அட்சரேகையை ஒட்டிச் சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ஷெட்லாந்து. வரைபடத்தைப் பார்த்தவுடன் உறைபனிதான் இங்கே தோட்டக்காரருக்குத் தலைவலி என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. சுற்றியுள்ள கடல் குளிர்காலத்தை மட்டுப்படுத்திவிடுகிறது. முக்கிய ஊரான லெர்விக்கில் ஜனவரியின் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்கு நாலைந்து டிகிரி மேலேதான். அதே கடல் கோடையையும் தலையெடுக்க விடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் பகல் உச்சம் சராசரியாக 14, 15 டிகிரியோடு நின்றுவிடும். தீவுகளில் எந்த இடமும் கடலிலிருந்து சுமார் 5 கி.மீ.க்கு மேல் தள்ளி இல்லை, மரங்கள் அரிது. தடுக்க ஒன்றுமில்லாத அந்த நிலத்தில் காற்று ஆண்டு முழுக்க வீசுகிறது. 1992 புத்தாண்டுப் புயலின்போது அன்ஸ்ட் தீவின் சாக்சா வோர்டு குன்றில் மணிக்கு 197 மைல், அதாவது 317 கி.மீ. வேகம் பதிவானது. கருவியும் அதோடு பிய்ந்து போனது. பதிவு அதிகாரபூர்வமற்றதாகவே நிற்கிறது.

இந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கேல் கீரையும் உருளைக்கிழங்கும் விளைந்துவந்திருக்கின்றன. இப்போது தக்காளியும் விளைகிறது. பழைய கல்வட்டம், வலைவேலி போட்ட திறந்த பாத்தி, விறைப்பான பசுமைக்குடில் ஆகிய மூன்று ஏற்பாடுகளை வைத்து அது எப்படிச் சாத்தியமாகிறது என்று இந்த ஆய்வு பார்க்கிறது. மூன்றும் தீர்ப்பது ஒரே சிக்கலை. காற்றைச் சரிக்கட்டாமல் விதை, உரம், ரகம் என்று செலவழிப்பது வீண் என்பது எங்கள் முடிவு. கீழே வரும் கணக்குகளும் அதையே காட்டுகின்றன.

காற்று செய்யும் சேதம்

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் விழும் அழுத்தம் சுமார் 61 நியூட்டன், அதாவது 6 கிலோ எடை. 30 மீட்டர் வேகத்தில் அது 552 நியூட்டன், 56 கிலோ. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. இதைத் திருப்பிப் பார்த்தால் நல்ல சேதி: வேகத்தைப் பாதியாக்கினாலே விசை கால்வாசியாகிவிடும். காற்றை முழுக்க நிறுத்தத் தேவையில்லை. நிறுத்த முயல்வதுதான் ஆபத்து. அதைப் பின்னால் பார்ப்போம்.

செடி முறிவது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம் அதைவிடப் பெரிது. இடைவிடாமல் ஆடும் செடி உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடித்து வளர்க்கும், இலை சிறுக்கும், விளைச்சலுக்குப் போகவேண்டிய சத்து தாங்குவதற்குப் போய்விடும். இலையின் மேல் தங்கியிருக்கும் ஈரக்காற்றுப் படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போவதால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். மழை பெய்த மண்ணில் நிற்கும் செடிகூட அப்போது வளராமல் நிற்கும். வெயிலில் இலை தேடிக்கொள்ளும் இரண்டொரு டிகிரிச் சூட்டையும் காற்று பறித்துவிடும். 14 டிகிரிக் கோடையில் அந்த இரண்டு டிகிரிதான் வளர்ச்சிக்கும் தேக்கத்துக்கும் நடுவே நிற்பது.

முட்டைக்கோஸ் இனச் செடிகளுக்குத் தனியாக ஒரு கேடு உண்டு. தலை கனத்த செடி ஆட ஆட, மண்மட்டத்தில் தண்டைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குக் குழி விழுகிறது. மழைநீர் அதில் தேங்கும். தண்டுத்தோல் உராய்ந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். இலை வாடிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். அதற்குள் அழுகல் தண்டைச் சுற்றிவந்திருக்கும். புயலுக்கு மறுநாள் தோட்டத்தில் முதலில் குனிந்து பார்க்கவேண்டியது இலையை அல்ல, இந்தக் குழியை. தெரிந்தால் உடனே மண்ணை அணைத்து மிதித்து இறுக்கிவிட வேண்டும்.

உப்பு அடுத்தது. கடல் பக்கமிருந்து மழையில்லாமல் அடிக்கும் புயலில் இலையோரங்கள் ஒரே பக்கமாகக் கருகும். சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரை இலைமேல் ஊற்றிக் கழுவினால் பெரும்பகுதி தப்பும். மெழுகுபூசிய இலைகொண்ட கேல் இதைத் தாங்குவதற்கும், மெல்லிய இலை அவரையினங்கள் கருகிப்போவதற்கும் காரணம் அந்த மெழுகுதான்.

கல்வட்டம்

ஷெட்லாந்தின் மேய்ச்சல் குன்றுகளில் இன்றும் காணக்கிடைக்கும் சிறு கல்வளையங்களுக்கு பிளாண்டிகிரப் என்று பெயர். சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர். உள்ளளவு சில மீட்டர்தான். வாசல் கிடையாது, சுவரேறித்தான் இறங்க வேண்டும், ஏனென்றால் வாசல் வைத்தால் ஆடு வரும். இவற்றின் வேலை ஒன்றே: கேல் நாற்று வளர்ப்பது.

சுவர் 1.2 மீட்டர் உயரம், வட்டத்தின் குறுக்களவு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடுப்பு தன் உயரத்தைப்போல மூன்றிலிருந்து ஆறு மடங்கு தூரத்தில்தான் மிக நன்றாகக் காற்றைத் தணிக்கும். பத்து மடங்கு வரை பலன் தெரியும். வட்டத்தின் எந்தப் புள்ளியும் எந்தப் பக்கச் சுவரிலிருந்தும் 4 மீட்டருக்குள், அதாவது சுவர் உயரத்தின் மூன்றரை மடங்குக்குள் இருப்பதால், காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் உள்ளே மறைவுதான். தென்மேற்குக் காற்று ஓங்கிய ஊர் என்றாலும் புயல் எல்லாத் திசையிலிருந்தும் வரும். ஏப்ரல், மே மாத வறண்ட வடகாற்று வேறு. வட்டத்துக்கு மூலை கிடையாது; மூலையில் சுழன்று வேகமெடுக்கும் காற்றும் கிடையாது. சாந்து பூசாத கல்லிடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று கசிந்துபோவதால் சுவரின் மேலேறிக் குப்புற விழும் சுழலும் தணிகிறது. நுட்பமான வடிவமைப்பு இது. இதைப் பழங்கால நினைவுச்சின்னமாக மட்டும் படமெடுத்துக்கொண்டு போவது நியாயமில்லை.

அதன் பயிர்ச்சுழற்சி நீளமானது. கோடையின் பிற்பாதியில், ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டில் விதைப்பு. நாற்று குளிர்காலம் முழுக்க வட்டத்துக்குள்ளேயே நிற்கும். அடுத்த ஏப்ரல், மே மாதத்தில் பிடுங்கி, வீட்டை ஒட்டிய சுவர்சூழ்ந்த கேல் தோட்டத்தில் 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் நடுவார்கள். அந்த இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் அறுவடை. மனிதருக்கும் கால்நடைக்கும் அதுவே பச்சை. விதைத்ததிலிருந்து அறுப்பதற்குள் ஓராண்டுக்கு மேல் ஓடிவிடும்.

எதற்கு இவ்வளவு நீட்டல்? வசந்தத்தில் விதைத்தால் மண் சூடாவதற்கே மே நடுப்பகுதி ஆகிவிடும். நாற்று மென்மையாக இருக்கும்போதே காற்றிலும், வேரைத் தின்னும் புழுவின் ஈயான வேரீயிடமும் மாட்டும். குளிர்காலம் கண்ட நாற்றின் தண்டு பென்சிலைவிடத் தடித்து மரத்தன்மை ஏறியிருக்கும். வேர்ப்புழு கடித்தாலும் புதுவேர் விடும் தெம்பு அதற்குண்டு.

இரண்டாவது காரணம் வேர்வீக்க நோய். முட்டைக்கோஸ் இனம் முழுவதையும் தாக்கும் இந்த நோயின் உறங்குவித்துகள் மண்ணில் 20 ஆண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும். ஒரே கேல் தோட்டத்தில் ஆண்டுதோறும் கேலே பயிரானால் அந்த மண் கெட்டே தீரும். குன்றின்மேல், வேறு முட்டைக்கோஸ் இனமே வளராத இடத்து மண்ணில் நாற்று எழுந்தால் முதல் எட்டுப் பத்து மாதம் நோயில்லாமல் கழிகிறது. வேர்கட்டு பெருத்த பிறகு நோய்மண்ணுக்கு வந்தாலும் ஏதோ விளைச்சல் தரும். இன்றைக்குத் தட்டில் நாற்றுவிடுபவர்கள் இதே தந்திரத்தைப் பெரிய தொட்டியில் செய்யலாம்: 9 செ.மீ. தொட்டி, நோயில்லாத கலவை, நடவுக்குழியில் ஒரு கைப்பிடி சுண்ணாம்பு.

வலைவேலி: எங்கே, எவ்வளவு

புதிதாகத் தோட்டம் போடுபவருக்குக் கல் அடுக்க ஆளோ கல்லோ இருக்காது. வலைதான் வழி. முதல் கேள்வி, கெட்டியான பலகைவேலியா, துளையுள்ள வலையா என்பது. கெட்டித் தடுப்பின் பின்னால் உடனடி மறைவு இருக்கும். ஆனால் மேலேறிய காற்று சில அடி தள்ளிச் சுழன்று இறங்கி, அங்கே இருக்கும் செடியை மேலிருந்து அமுக்கும். வேலியும் முழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கும். 1.2 மீட்டர் உயரமும் 10 மீட்டர் நீளமும் உள்ள பலகைவேலியின் மேல் வினாடிக்கு 30 மீட்டர் காற்று 6,600 நியூட்டனுக்கு மேல், ஏறத்தாழ 680 கிலோ, தள்ளும். சாதாரணக் கம்பம் அதற்கு நிற்காது. பரப்பில் 45 முதல் 50 சதவீதம் துளையுள்ள வலை இந்தச் சுமையையும் குறைக்கும், பின்னால் உள்ள காற்று வேகத்தையும் பாதியளவுக்குத் தணிக்கும். கைவிட்ட மீன்வலையைக் கட்டுவது அந்தத் தீவுகளில் எளிதாகத் தோன்றும் யோசனை. ஒற்றை அடுக்கு மீன்வலை வெறும் அலங்காரம்; கண்கள் பெரிது. மூன்று நான்கு அடுக்காக மடித்துக் கட்டினால்தான் பயன்.

கட்டும் விவரம்: 75 முதல் 100 மி.மீ. தடிமனுள்ள, பதப்படுத்திய உருளைக் கம்பங்கள், ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் நீளம். 60 செ.மீ. மண்ணுக்குள், 1.2 மீட்டர் மேலே. இடைவெளி 1.5 மீட்டர், 2 மீட்டருக்கு மேல் போனால் வலை நடுவில் தொய்ந்து அடித்துக்கொள்ளும். மூலைக்கம்பங்களுக்குச் சாய்வு முட்டு கட்டாயம். வலை கம்பத்தின் காற்றுவரும் பக்கத்தில் வரவேண்டும், காற்று அதைக் கம்பத்தோடு அழுத்தட்டும். எதிர்ப்பக்கம் கட்டினால் ஆணிதான் முழுச்சுமையையும் தாங்கும். ஆணி மட்டும் அடித்தால் ஆணியிருக்கும் கண்ணிலிருந்து கிழிசல் தொடங்கும். அதனால் வலையின் மேல் 38-க்கு 19 மி.மீ. மரரீப்பரை வைத்து, கம்பத்தோடு 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் முறுக்கிழுத்த கம்பி. கீழே இடைவெளி விட்டால் காற்று அந்தச் சந்தில் வேகமெடுத்து நாற்றின் அடியை அறுக்கும்.

வேலியின் இரு முனைகளைச் சுற்றி வரும் காற்று வெட்டவெளிக் காற்றைவிட வேகமாக இருக்கும். பாத்தி எங்கே முடிகிறதோ அங்கேயே வேலியையும் முடிப்பது அடிக்கடி நடக்கும் பிழை. கடைசி இரண்டு மீட்டர்ச் செடிகள் ஒவ்வொரு புயலுக்கும் பலியாகும். நான்கு பக்கமும் சுற்றிவிடுவது உத்தமம். வாசல் வேண்டுமென்றால் நேராக வைக்காமல், ஒரு வலைத்துண்டை முன்னால் 80 செ.மீ. தள்ளிக் குறுக்கே நிறுத்தி, வளைந்து நுழையும்படி வைக்க வேண்டும்.

வேலி 1.2 மீட்டர் என்றால் நல்ல மறைவு 6, 7 மீட்டர் வரைதான். 20 மீட்டர் நீளத் தோட்டத்துக்கு வெளிவேலியை மட்டும் நம்ப முடியாது. உள்ளே 6 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குவலைகள் வேண்டும். 60, 70 செ.மீ. உயரமே போதும். உயரமான ஒற்றை வேலியைவிடக் குட்டையான பல வேலிகள் மேல் என்பதே எங்கள் கட்சி. வேர்பிடித்த உருளைக்கிழங்கைவிட நட்டு ஒரு வாரமான லீக்ஸ் என்னும் வெங்காய இனச் செடிக்கே மறைவு அதிகம் தேவை; குட்டைவலையைத் தேவையான பாத்திக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

நிழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 60 டிகிரி அட்சரேகையில் மார்ச், செப்டம்பர் சமநாளின் உச்சிவேளையில் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்; 1.2 மீட்டர்ச் சுவரின் நிழல் 2.1 மீட்டர் நீளும். ஜூன் உச்சியில் 0.9 மீட்டர். டிசம்பரில் சூரியன் ஆறரை டிகிரிக்கு மேல் எழாது. அதே சுவரின் நிழல் 10 மீட்டரைத் தாண்டும். எனவே தெற்குப்பக்கம் வலையாகவே இருக்கட்டும். கல்சுவரோ கொட்டகையோ வடக்கில் இருந்தால் லாபம்.

உயிர்வேலி வேண்டுமென்றால் வில்லோ. குளிர்காலத்தில் 30 செ.மீ. குச்சிகளை வெட்டி 20 செ.மீ. மண்ணுக்குள் குத்தினால் வேர்விடும். மூன்று நான்கு ஆண்டு வலை மறைவில் வளர்ந்த பிறகே அது தானாக நிற்கும். வலையில்லாமல் வில்லோவை மட்டும் நட்டுக் காத்திருப்பது பயனில்லை. பாத்தியிலிருந்து 2 மீட்டராவது தள்ளி நட வேண்டும், வேர் ஈரத்தை உறிஞ்சும். வடிகால் குழாய் பக்கம் கூடவே கூடாது.

மண்

ஷெட்லாந்தின் பெரும்பகுதி கரிமண், அதாவது பாதி மட்கிய தாவரங்கள் படிந்த பீட் மண். புளிப்பு அதிகம், நீர் தேங்கும். டிங்வால் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புப்பாறை உண்டு, அங்கே நிலைமை மேல். மற்ற இடங்களில் பிஎச் அளவைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும். கரிமண்ணுக்கு 5.8 போதும், தாது மண்ணுக்கு 6.5, வேர்வீக்க நோய் உள்ள பாத்திக்கு 7.2 வரை ஏற்றலாம். அரைத்த சுண்ணாம்புக்கல் ஒரு தடவைக்கு சதுர மீட்டருக்கு 500 கிராமுக்கு மேல் வேண்டாம். மொத்தமாகக் கொட்டினால் மேல்மண் மட்டும் காரமேறி மாங்கனீசு, போரான் சத்துகள் செடிக்குக் கிடைக்காமல் போகும். இலையுதிர்காலத்தில் போட்டுக் கொத்திவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி அளந்து, தேவையானால் மீதி. சிப்பிமணல் கிடைக்கும் கரையோரத்தில் அதுவும் இதே வேலையைச் செய்யும், மெதுவாக. சுண்ணாம்பு போட்ட பாத்தியில் அந்த ஆண்டு முட்டைக்கோஸ் இனம் வரட்டும். உருளைக்கிழங்கு சுழற்சியின் கடைசியில். இல்லையென்றால் கிழங்கில் சொறி விழும்.

கடற்பாசி அந்தத் தீவுகளின் பழைய உரம். பொட்டாசியம் நிறைய, பாஸ்பரஸ் குறைவு. அதனால் தொழுவுரத்துக்குத் துணையே தவிர மாற்று இல்லை. அக்டோபர், நவம்பரில் சதுர மீட்டருக்கு 5 கிலோ பரப்பினால் குளிர்கால மழை உப்பைக் கழுவிவிடும். லெர்விக்கில் ஆண்டுக்கு 1,200 மி.மீ. அளவில் பெய்கிறது, கழுவ மழைக்குப் பஞ்சமில்லை. அதே மழைதான் பாத்தியை 20 செ.மீ. உயர்த்தி இருபுறமும் வாய்க்கால் எடுக்கச் சொல்வதும். உயர்ந்த பாத்தி சீக்கிரம் வடிந்து சீக்கிரம் சூடேறும். அதைவிட உயர்த்தினால் காற்றில் தலைநீட்டிக் காயத் தொடங்கும்.

வெயில்நேரமும் வெப்பமும் ஒத்துப்போகாத கணக்கு

ஜூனில் பகல் ஏறத்தாழ 19 மணி நேரம். டிசம்பரில் 6 மணிக்கும் குறைவு. இந்த நீண்ட பகல் வரம் என்று சொல்வார்கள், பாதிதான் உண்மை. 14 மணி நேரப் பகலைக் கண்டதும் பூக்கும் பசலை வகை, மே மாதமே தண்டு ஓடிவிடும். முள்ளங்கியும் அப்படியே. பசலைக்குப் பதில் இலைபீட் போடுவதே விவேகம். பீட்ரூட் நாற்று 10 டிகிரிக்குக் கீழ்க் குளிரை இரண்டு மூன்று வாரம் கண்டபின் நீண்ட பகலையும் கண்டால் கிழங்கு வைக்காமல் பூத்துவிடும். எனவே ஏப்ரலில் அவசரப்படாமல் மே நடுவில், போல்டார்டி போன்ற பூக்கத் தயங்கும் ரகமாக விதைக்க வேண்டும். வெங்காயம் பகல்நீளத்தைப் பார்த்துக் கிழங்கு வைப்பது. இலை நாலு வைப்பதற்குள் அந்த நீளம் வந்துவிட்டால் கோலிக்குண்டு அளவு வெங்காயம்தான். விதையை விட்டுவிட்டு ஏப்ரலில் சிறுவெங்காய நாற்றுக்கிழங்காக நடுவது இதனால்தான். காக்கை அதைப் பிடுங்கிப்போடும். வேர்பிடிக்கும்வரை வலை மூட வேண்டும்.

மற்ற பயிர்களை மண்ணின் சூட்டை வைத்தே தீர்மானிக்கலாம். 10 செ.மீ. ஆழத்தில் காலை ஒன்பது மணிக்கு வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். 5 டிகிரி நிலையாக நின்றால் பாகலா அவரை (பிராட் பீன்ஸ்). ஒன்றரை அடிக்கு மேல் வளராத தி சட்டன் போன்ற குட்டை ரகம் மட்டும். 7 டிகிரிக்கு உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி. பட்டாணியிலும் குட்டைதான், பந்தல் ஏறும் ரகத்தைக் காற்று பந்தலோடு சாய்க்கும். ஸ்வீடு, டர்னிப் கிழங்குகள் மே கடைசியில். பிரெஞ்சு பீன்ஸுக்கு 12 டிகிரி வேண்டும், சுரையினங்களுக்கு அதற்கும் மேல். மண் அந்தச் சூட்டுக்கு வரும்போது கோடை முடியப்போகும். தக்காளியின் பூ இரவில் 13 டிகிரிக்குக் கீழ் சரியாகச் சூல்கொள்ளாது. இவையெல்லாம் வெளியே வேண்டாம்.

மிருதுவான வெள்ளைப் போர்வைத்துணி எல்லாக் கையேட்டிலும் உண்டு. சதுர மீட்டருக்கு 17 கிராம் எடையுள்ள துணி இங்கே ஒரு புயலுக்குத் தாங்காது. 1.3 மி.மீ. கண்ணுள்ள பூச்சிவலையை வளைகம்பிமேல் போட்டு, ஓரத்தை 15 செ.மீ. மண்ணில் புதைத்தால் காற்றையும் தணிக்கும், கேரட் ஈயையும் முட்டைக்கோஸ் வேரீயையும் தடுக்கும்.

உருளைக்கிழங்குக் கருகல் நோய் ஆகஸ்டில் எட்டிப்பார்க்கும். குறைந்த வெப்பநிலை 10 டிகிரியாவது இருந்து, ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் ஆறு மணி நேரம் நீடிப்பது தொடர்ந்து இரண்டு நாள் நடந்தால் எச்சரிக்கை. குளிர்ந்த கோடையில் அது தள்ளிப்போகும் என்பது இந்த ஊரின் சிறு சலுகை.

நடும் வாரம்

மே கடைசி, ஜூன் தொடக்க நடவுதான் காற்றில் அதிகம் தோற்கிறது. ஜன்னலோரத்தில் வளர்ந்த நாற்றைக் குளிருக்குப் பழக்கும் அளவுக்கு யாரும் காற்றுக்குப் பழக்குவதில்லை. முளைத்து இரண்டு இலை வந்ததிலிருந்தே தினமும் காலையில் ஒரு அட்டையால் நாற்றின் தலையை இப்படியும் அப்படியும் இருபது தடவை வருடிவிட்டால் தண்டு தடிக்கும். நடுவதற்கு முந்தைய பத்துப் பதினான்கு நாள் வலைமறைவில் வெளியே வைக்க வேண்டும். முதல் மூன்று நாள் சில மணி நேரம், பிறகு முழுநாள், பிறகு இரவும். நாற்று 12 முதல் 15 செ.மீ. உயரம் இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். காத்திருந்து 25 செ.மீ. ஆக்கி நட்டால் சாய்வது உறுதி.

முட்டைக்கோஸ் இனத்தை முதல் நல்ல இலையின் காம்பு வரை புதைத்து, குதிகாலால் மிதித்து இறுக்கி, ஒரு இலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். இலை கிழிய வேண்டும், செடி அசையக் கூடாது. தண்ணீர் ஊற்றியபின் மறுநாள் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும். நீளவரிசையைவிடச் சதுரமாகக் கூட்டி நட்டால் செடிகள் ஒன்றையொன்று மறைக்கும். வெளிவட்டத்தில் கேல், உள்ளே லெட்யூஸும் லீக்ஸும்.

குடில்

மெல்லிய பாலித்தீன் கூடாரம் முதலில் படபடக்கும், படபடக்கும் இடத்தில் தேயும், தேய்ந்த இடத்தில் கிழியும். அதற்குப் பதிலாக ஷெட்லாந்தின் நார்த்மேவின் பகுதியைச் சேர்ந்த சமூக மேம்பாட்டு நிறுவனம் உருவாக்கியது பாலிகிரப் என்ற குடில். சால்மன் மீன்பண்ணைகளில் பயன்படுத்திக் கழித்த குழாய்களை வளைவுகளாக்கி, மேலே இரட்டைச்சுவர் பாலிகார்பனேட் ஷீட்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கிய அமைப்பு. வளைந்து கொடுக்கும் எலும்பு, படபடக்காத தோல். வடகோடித் தீவுகளுக்குப் பொருத்தமான தீர்வு இதுதான் என்று சொல்லலாம். விலை கூடாரத்தைவிட அதிகம், ஆயுளும் அதிகம்.

எந்த வகைக் குடிலானாலும் அடித்தளக் கணக்கு ஒன்றே. 4-க்கு 6 மீட்டர்க் குடிலின் தரைப்பரப்பு 24 சதுர மீட்டர். வினாடிக்கு 40 மீட்டர் காற்றில் அழுத்தம் சதுர மீட்டருக்கு 981 நியூட்டன். கூரை மேல்நோக்கி உறிஞ்சப்படும் கெழுவை 0.8 என்று வைத்தால் மொத்தத் தூக்குவிசை சுமார் 18,800 நியூட்டன், அதாவது 1.9 டன். 30-க்கு 30-க்கு 60 செ.மீ. குழியில் விழும் கான்கிரீட் 130 கிலோ எடை. 14 கம்பங்களுக்கு அப்படிப் போட்டால் 1.8 டன், மீதியை மண்ணின் பிடிப்பு பார்த்துக்கொள்ளும். காற்றுப்பக்கக் கதவு திறந்துகொண்டால் உள்ளிருந்தும் அழுத்தம் சேர்ந்து விசை இரட்டிப்பாகும் அளவுக்குப் போகும். குடில் பறந்த கதைகளில் பாதி, தாழ்ப்பாள் சரியில்லாத கதவிலிருந்து தொடங்குகிறது. மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள் போடுங்கள்.

பாலிகார்பனேட் சூட்டில் மீட்டருக்கு டிகிரிக்கு 0.065 மி.மீ. விரியும். 2 மீட்டர் ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் 5 மி.மீ. நகரும். அதனால் ஸ்க்ரூ தண்டைவிட 3, 4 மி.மீ. பெரிய ஓட்டை போட்டு, அகலமான ரப்பர் வாஷர் வைத்து, ஷீட் குழியாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். புற ஊதாக் காப்புப் பூசிய பக்கம் வெளியே. மாற்றிப் போட்டால் சில ஆண்டுகளில் மஞ்சளாகி நொறுங்கும். ஷீட்டின் குழல்கள் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், மேல்வாயை அலுமினிய டேப்பால் அடைத்து, கீழ்வாயில் காற்றுவிடும் டேப் ஒட்ட வேண்டும். அடைக்காமல் விட்டால் உள்ளே பாசி படிந்து வெளிச்சம் குறையும்.

உள்ளே காற்று இல்லை என்பதால் வேறு சிக்கல்கள் முளைக்கும். புயலுக்குப் பயந்து நாள்கணக்கில் மூடிவைத்தால் ஈரம் தங்கிச் சாம்பல் பூஞ்சை வரும். காற்று வராத பக்கக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்துவைப்பது வழி. காற்றடங்கிய ஜூன் வெயிலில் 30 டிகிரி தாண்டும், அன்று இரண்டு கதவும் திறக்க வேண்டும். மழை உள்ளே பெய்யாது என்பதை மறப்பவர்கள் பலர். கோடையில் நன்கு வளர்ந்த தக்காளிச் செடி ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும்.

விதையைக் காப்பது

ஷெட்லாந்துக் கேல், வீடுவீடாக விதையெடுத்து வந்த உள்ளூர் ரகம். அந்தக் காற்றுக்குத் தேறி நின்றது. அதைத் தொடர விரும்புபவர் குளிர்காலம் தாண்டி நிற்கும் செடிகளில் சாயாததும் வேர்வீக்கம் இல்லாததுமாகப் பார்த்து 20 செடியாவது விட்டுவைக்க வேண்டும். நாலைந்து செடியில் மட்டும் எடுத்தால் சில தலைமுறைக்குள் வீரியம் குன்றும். கேல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாம் தேனீ மூலம் ஒன்றோடொன்று கலக்கும். பக்கத்தில் அவை பூத்தால் அந்த ஆண்டு விதை எடுக்கக் கூடாது. பூத்தண்டு ஒரு மீட்டருக்கு மேல் ஓடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் முட்டுக்கொம்பு வேண்டும். கீழ்க்காய்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், மேற்காய்கள் பச்சையாக இருந்தாலும், தண்டோடு வெட்டிக் கொட்டகைக்குள் துணிமேல் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். முழுக்கக் காயட்டும் என்று வெளியே விட்டால் காற்று காயை வெடித்து விதையைச் சிதறிவிடும். உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைத்த விதை நாலைந்து ஆண்டு முளைக்கும்.